‘மீனா’ கார்ட்டூனை வரைந்தவர் யார்? கல்வராயன் மலைக்கு அவர் ஏன் தேவை?

2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ புதுப்படம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி ஆகிய இரு ஜப்பானியர்களோடு சேர்ந்து ராம் மோகன் இயக்கியது. ஜப்பான் அனிமே பற்றி நிறையப் பேசியவர்கள், இவரைப் பற்றி அதிகம் பேசவில்லை.

யார் இந்த ராம் மோகன்?

1931-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். மேற்படிப்புக்கு மும்பை போனவர், அதை விட்டுவிட்டு 1956-ல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ்தான் அங்கே பயிற்சி கொடுத்தார். 1972-ல் சொந்த நிறுவனம். சத்யஜித் ராய் படத்துக்கும் அனிமேஷன் செய்தார். 2014-ல் பத்மஸ்ரீ.

ஆனால் அவருடைய பெரிய வேலை, 1990-களில் யுனிசெஃப்புக்காக உருவான ‘மீனா’. தெற்காசியாவின் எந்த நாட்டுப் பிள்ளை பார்த்தாலும் ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ன்னு தோணணும். சேலை கட்டினால் ஒரு நாடு, சல்வார் போட்டால் இன்னொரு நாடு என்று ஆகிவிடும். அதனால் நீளப் பாவாடை! படங்களைக் கிராமங்களுக்கு எடுத்துப்போய், மக்களிடம் கருத்து கேட்டு, திருத்தித் திருத்தி வரைந்தார்கள்.

முதல் கதையில் தம்பி ராஜு பள்ளிக்குப் போவான்; மீனா வீட்டு வேலை செய்வாள். பாடத்தைக் கேட்டுவந்து சொல்வது அவளுடைய கிளி. அப்படிக் கற்ற எண்ணிக்கையை வைத்துத்தான் கோழி திருடு போனதைக் கண்டுபிடிப்பாள். அப்புறம் அவளும் பள்ளிக்கு. ‘பெண் கல்வி அவசியம்’ என்று போஸ்டர் ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கோழிதான்.

கள்ளக்குறிச்சிக்கு என்ன சம்பந்தம்?

2024 ஜூன் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. சாலை, மருத்துவம், பள்ளி என எல்லாமே அங்கே கேள்விக்குறி. கார்ட்டூன் ரோடு போடாது. பஸ் வராத ஊரில் மீனாவும் வீட்டில்தான் இருப்பாள். அதைச் செய்ய வேண்டியது அரசு.

ஆனால் இளவயதுத் திருமணம், படிப்பு நிறுத்தம், சாராயம் பற்றி மலையில் பேச வேண்டிய விஷயங்கள் அலுவலகத் தமிழ் நோட்டீஸாக மட்டும் போனால் யார் படிப்பார்கள்? அன்று ஒரு நொடிப் படத்துக்கு 24 ஃப்ரேம், அத்தனையும் கைவேலை. இன்று ஒரு லேப்டாப்போடு சின்னக் குழுவே படம் எடுத்துவிடலாம். காசைவிட, ராம் மோகன் குழு செய்த அந்த முதல் வேலைதான் இங்கே குறைகிறது: ஊருக்குப் போய்க் கேட்பது.

2019 அக்டோபர் 11-ல் அவர் இறந்தார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது அடுத்த மாதம். கடுக்காய் பொறுக்கும், மரவள்ளிக் காட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மலையாளிப் பழங்குடிச் சிறுமியை நாயகியாக வரைய, ஒரு ஆள் இன்னும் வரவில்லை.