வாள் பல, வணக்கம் ஒன்று

நுழையும்முன்

தொலைவில் இருப்பவரோடு நமக்குப் பிணக்கு வருவது குறைவு. அருகில் இருப்பவரோடுதான் மிகுதி. கலைகளுக்கும் இது பொருந்தும். ஒரே கருவியைக் கையில் எடுத்தவர்கள், அதை வெவ்வேறு முறையில் பயில்வதாலேயே ஒருவரையொருவர் இகழ நேர்கிறது. வாட்கலை பயில்வோரை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்கிறது இக்கட்டுரை.

விருப்பத்தால் ஏந்திய வாள்

போர்க்களத்திலிருந்து வாள் விடைபெற்றுப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. உயிர் காக்கவோ நாடு காக்கவோ இன்று எவரும் வாள் பயில்வதில்லை. ஆயினும், உலகின் பல நகரங்களில் மாலை வேளையில் பயிற்சிக்கூடங்கள் நிறைகின்றன. மாணவரும் மருத்துவரும் அலுவலரும் தொழிலாளரும் தத்தம் பணி முடித்து வந்து வாளேந்தி நிற்கின்றனர். அவர்களை அங்கே அழைத்து வருவது விருப்பம் ஒன்றே.

அவ்விருப்பம் பல வடிவங்களில் வெளிப்படுகிறது. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்ற வாள்வீச்சு விளையாட்டு ஒன்று. மூங்கில் வாள்கொண்டு பயிலும் சப்பானியரின் கெண்டோ மற்றொன்று. பழைய ஐரோப்பியச் சுவடிகளைப் படித்து, அவற்றில் கூறப்பட்ட முறைகளை மீட்டெடுக்கும் வரலாற்று வாட்கலை வேறொன்று. திரைப்படம் தந்த கற்பனையில் பிறந்த ஒளிவாள் ஆட்டம் இவற்றுள் இளையது.

இத்தனை பேரும் ஒரே மரத்தின் கிளைகள் என மகிழ்ந்திருக்கலாம். ஆனால், நிகழ்வது வேறு. வரலாற்று முறையினர் சிலர் ஒலிம்பிக் வாள்வீச்சை, "மின்கம்பியில் கட்டிய விளையாட்டு, உண்மை வாளாயின் இருவரும் மடிந்திருப்பர்" என்கின்றனர். விளையாட்டு வீரர் சிலரோ, "ஏட்டைப் பார்த்து ஆடும் நாடகம் அது; எங்கள் களத்தில் ஒரு நிமிடம் நிற்க இயலாது" என்கின்றனர். கெண்டோவில் தாக்குமிடங்கள் மிகச் சிலவே என்று இருவரும் குறை கூறுவதுண்டு. ஒளிவாள் ஏந்தியவரைக் கண்டால் அனைவரும் நகைப்பதும் உண்டு.

இவ்விகழ்ச்சிகள் அனைத்திலும் ஒரே பிழை இருக்கிறது என்பது என் கருத்து. நாழியைக் கொண்டு துணியை அளக்க முயல்வது போன்றது அது. துணியிலும் குறையில்லை; நாழியிலும் குறையில்லை. அளவை மாறிவிட்டது, அவ்வளவே.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா

ஒவ்வொரு வாட்கலையும் தனக்கென ஒரு வினாவை எழுப்பிக்கொண்டு அதற்கு விடை தேடுகிறது. ஒலிம்பிக் வாள்வீச்சு, 'இமைப்பொழுதில் எதிராளியை முந்துவது எப்படி?' என்று கேட்கிறது. அதில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வாள்கள் உள்ளன. ஃபாயிலின் முனை உடலின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். எப்பே உடலின் எப்பகுதியையும் தொடலாம். இருவரும் நொடியில் 25இல் ஒரு பங்கு நேரத்திற்குள் தொட்டால் இருவருக்குமே புள்ளி உண்டு. சேபர் இடுப்புக்கு மேற்பட்ட பகுதியை முனையாலும் வெட்டாலும் தாக்கும். இவ்வளவு நுண்ணிய காலத்தைக் கண்ணால் அளக்க இயலாது என்பதால்தான் மின்கருவி வந்தது.

ஃபாயிலிலும் சேபரிலும் 'தாக்குதல் முன்னுரிமை' என்னும் விதி உண்டு. முதலில் முறையாகத் தாக்கத் தொடங்கியவருக்கே முன்னுரிமை. மற்றவர் அதைத் தடுத்த பின்னரே திருப்பித் தாக்க வேண்டும். புறத்திலிருந்து காண்போருக்கு இது செயற்கையாகத் தோன்றும். ஆனால், கூர்வாள் தன்னை நோக்கி வருகையில், அறிவுடையவன் முதலில் தன்னைக் காத்துக்கொள்வானே அன்றிக் குத்துப்பட்டுக்கொண்டே குத்தமாட்டான் என்னும் பழைய பாடமே அவ்விதியின் உட்பொருள். 'உயிரச்சம் இல்லாத ஆட்டம்' என்று இகழப்படும் விளையாட்டு, உயிரச்சத்தைத் தன் விதிக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கெண்டோ கேட்கும் வினா வேறு. 'மனமும் வாளும் உடலும் ஒன்றாவது எப்போது?' என்பது அதன் தேடல். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாளால் தலை, மணிக்கட்டு, விலாப்புறம் ஆகியவற்றை வெட்டலாம், தொண்டையைக் குத்தலாம். பட்டால் மட்டும் புள்ளி கிடைத்துவிடாது. உரத்த குரல், சரியான அடிவைப்பு, தாக்கிய பின்னும் தளராத விழிப்பு ஆகிய அனைத்தும் கூடிவர வேண்டும். வென்றவர் கைகளை உயர்த்தி ஆர்ப்பரித்தால், பெற்ற புள்ளியே பறிபோகலாம். தாக்குமிடம் குறைவு என்று எண்ணுவோர், நிறைவேற்ற வேண்டிய கடமை எத்துணை மிகுதி என்பதை எண்ணுவதில்லை.

வரலாற்று வாட்கலையோ, 'முன்னோர் எவ்வாறு போரிட்டனர்?' என்று கேட்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தில் ஒரு சுவடி உள்ளது. வாளும் சிறுகேடயமும் கொண்டு போரிடும் முறையைப் படங்களுடன் விளக்கும் அச்சுவடி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. இத்தாலிய ஆசான் ஃபியோரேயின் நூல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், செருமானிய ஆசான் யோவாகிம் மேயரின் நூல் 1570இலும் தோன்றின. இந்நூல்களில் படங்களும் சொற்களுமே உண்டு. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைப்பட்ட அசைவு இல்லை. அவ்விடைவெளியைத் தம் உடலால் ஆராய்ந்து நிரப்புவோரை 'நாடகக்காரர்' என்பது, ஏடு பார்த்துப் பாடம் தேடும் ஆய்வாளரை எள்ளுவதற்கு ஒப்பாகும்.

கொண்டதும் கொடுத்ததும்

இகழ்வோர் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. இவர்கள் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஹட்டன் என்பவர் பழைய வாள்முறை நூல்களைத் தேடிக் கற்று, மேடையில் செய்து காட்டினார். அவரே அந்நாட்டின் வாள்வீச்சு விளையாட்டுச் சங்கத்திற்கு முதல் தலைவராகவும் விளங்கினார். இன்று பிரிந்து நின்று பூசலிடும் இரு மரபுகளும் அன்று ஒரே மனிதரிடம் இணக்கமாக வாழ்ந்தன.

வரலாற்று முறையினர் பலர் அணியும் முகக்கவசம் எங்கிருந்து வந்தது? அவர்கள் குறை கூறும் அதே விளையாட்டிலிருந்து வந்தது. அதன் உறுதிக்கு ஓர் உயிர் விலையாகியிருக்கிறது. மாஸ்கோ ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததால் உயிரிழந்தார். அதன் பின்னரே வாளின் எஃகுக்கும் கவசத்திற்கும் உடைக்கும் உரிய பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவ்விழப்பு தந்த பாடம் இன்று எம்முறையைப் பயில்வோரின் முகத்தையும் காக்கிறது. அண்டைக் கலையை வெறுத்துக் கதவடைத்துக்கொள்வோர், அது தரும் அறிவையும் சேர்த்தே இழக்கின்றனர்.

சென்னையில் பிறந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் களம் கண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் இளமைப் பயிற்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. எஃகு வாளின் விலை எட்டாத நிலையில், பயிற்சிக்கு மூங்கில் குச்சிகளே உதவின. மூங்கிலில் பயின்றதால் அவர் வாள் பொய்யாகிவிடவில்லை. கருவியை வைத்துக் கலையின் தரத்தைக் கணிப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மதிப்பும் மறுப்பும்

"எல்லாவற்றையும் மதித்துவிட்டால் உண்மை என்னாவது? தம் முறை ஆயிரமாண்டுப் பழமையுடையது எனச் சான்றின்றிக் கூறுவோரையும் ஏற்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான் இது.

மதித்தல் வேறு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளுதல் வேறு. ஒருவருடைய உழைப்பையும் விருப்பத்தையும் மதிப்பது நம் கடமை. அவருடைய கூற்றைச் சான்றுகொண்டு சோதிப்பது நம் உரிமை. சான்றில்லாப் பழமையை மறுக்கலாம். பாதுகாப்பற்ற பயிற்சியைக் கண்டிக்கலாம். ஆனால், மறுப்பு கூற்றின்மேல் நிற்க வேண்டும்; கூறியவர்மேல் பாயக் கூடாது. அறியாமையால் எழும் ஏளனத்திற்கு 'உண்மைப் பற்று' என்று பெயர் சூட்டுவது முறையன்று.

எனவே, பிறர் கலையைத் தீர்ப்பிடும் முன் ஒரு நாளேனும் அவர் கூடத்திற்குச் சென்று, அவருடைய விதிக்கு உட்பட்டு, கற்றுக்குட்டியாக நிற்க வேண்டும் என்பேன். தன் களத்தில் வல்லவர் அங்கே தடுமாறுவார். அத்தடுமாற்றம் ஆயிரம் சொற்களைவிட நன்றாகக் கற்பிக்கும். பிரான்சு நாட்டின் வாள்வீச்சுக் கூட்டமைப்பு 2019இல் ஒளிவாள் ஆட்டத்தைத் தன் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்றது. நீண்ட மரபுடைய அமைப்பு ஒன்று, எல்லாரும் நகைத்த இளைய ஆட்டத்திற்குத் தன் வாயிலைத் திறந்தது. அதனால் அதன் மரபு குறைந்துவிடவில்லை. இளைஞரை ஈர்க்கும் புதிய வழி ஒன்று கிடைத்தது.

முகம் காட்டும் வணக்கம்

'ஓர் உறையில் இரண்டு கத்தியா?' என்பது நம் பழமொழி. உண்மைதான், ஓர் உறைக்குள் இரு வாள்கள் அடங்கா. ஆயின், ஒரே சுவரில் பல உறைகளைத் தொங்கவிடலாம் அல்லவா? ஒன்றாகிவிட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஒன்றை ஒன்று அழிக்காமல் அருகருகே இருக்க முடியும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இவ்வாட்கலைகளுள் எதைக் கண்டாலும் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் எதிரெதிரே நின்று வணங்குவர். ஒலிம்பிக் வாள்வீச்சில் முகக்கவசத்தைக் கழற்றி, முகம் காட்டியே வணங்க வேண்டும். முடிந்த பின்னும் அவ்வாறே. எதிரே நிற்பவர் இல்லையேல் தன் பயிற்சிக்குப் பொருளில்லை என்னும் உணர்வின் வெளிப்பாடு அது. களத்தில் எதிராளிக்குச் செலுத்தும் அவ்வணக்கத்தைக் களத்திற்கு வெளியே, வேறு வாளேந்தி வரும் தோழருக்கும் செலுத்துவதில் என்ன தடை?

மாணவர்களே! நீங்கள் விரும்பும் ஆட்டமும் இசையும் படிப்பும் உங்கள் தோழர் விரும்புவதிலிருந்து மாறுபடலாம். 'இது எதற்கு?' என்று ஏளனமாகக் கேட்க நா எழும்போது, 'இதில் நீ தேடுவது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். முன்னது உரையாடலை முடித்துவிடும். பின்னது அதைத் தொடங்கி வைக்கும்.