மானிட்டரில் முடிந்த கார், மேஜையில் முடியவில்லை

"கம்ப்யூட்டர் வாங்கி நாலு மாசமாச்சு. கேம்ஸ், வீடியோ, அவ்வளவுதான். கேபிளைக் கழற்றிப் பரண்ல போட்டுடட்டுமாடா?" என்று என் அண்ணன் போனில் கேட்டார். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

வேண்டாம் என்றேன். கழற்றினால் பையன் பக்கத்து வீட்டில் போய் உட்காருவான். அதற்குப் பதில், கம்ப்யூட்டர் மட்டுமே செய்து முடிக்க முடியாத ஒரு வேலையை அவனிடம் கொடுங்கள். என் கருத்து அன்றும் இதுதான், இன்றும் இதுதான். இடையில் மூன்று வாரம் அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். கார் ரேஸ் பைத்தியம். அவனுக்குப் பிடித்தது 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ. அமெரிக்காவில் 'மசில் கார்' என்பார்களே, அந்த ரகம். நடுத்தரக் காரின் உடலுக்குள் பெரிய காரின் இன்ஜினை வைத்து, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்பது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான பான்டியாக் இன்ஜினியர்கள், 389 கன அங்குல இன்ஜினை லெமான்ஸ் காருக்கு ஒரு 'ஆப்ஷன்' என்று கொடுத்து விதியைத் தாண்டினார்கள். அந்த ஆண்டில் மட்டும் 32,450 விற்றது. இந்தக் காரை 25இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்யலாம் என்றேன். "சரி சித்தப்பா" என்றான். உடல் பெட்டி வடிவம், அதிக வளைவு இல்லை. அட்டைக்கு ஏற்ற கார்.

முதல் வேலை படம் தேடுவது. ஜிடிஓ என்று மட்டும் டைப் செய்தால் இத்தாலியின் பெராரி வந்து நிற்கும். பான்டியாக்குக்கே பெயர் அங்கிருந்து வந்ததுதான். கம்பெனி, மாடல், ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அப்படித் தேடினாலும் 1965ஆம் ஆண்டு கார் கலந்து வரும். 1964இல் முன்விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், 1965இல் ஒன்றன் மேல் ஒன்றாக. இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் ஜிடிஓ தனி மாடல் இல்லை, ஆப்ஷன்தான். அதனால் சாதாரண லெமான்ஸ் காரை வாங்கி ஜிடிஓ போல மாற்றி ஓட்டுகிறவர்கள் நிறைய. இன்டர்நெட்டில் அதுவும் 'ஒரிஜினல்' என்றுதான் வரும். பையன் இரண்டு நாள் உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டு, பாதிக்கு மேல் டெலீட் செய்தான். தேடுவது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. இதை எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பிலும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்தது அளவு. இந்தக் காரின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 115 அங்குலம், அதாவது 2,921 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 116.8. இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரில், தூரத்தில் நின்று நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோவை வைத்து, சக்கர இடைவெளி 116.8 மி.மீ. வரும்வரை அதைச் சுருக்கினோம். பிறகு அதன் மேல் கோடு வரைந்தால் கதவு, ஜன்னல் எல்லாம் தானாகவே சரியான அளவில் வந்துவிடும். பக்கவாட்டுப் பகுதிகளை நான் என் வீட்டில் வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அடித்தளத்தை அவன் வரைந்து அவன் வீட்டில் எடுத்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வெட்டினான். வெள்ளைப் பசை தடவினால் காகிதம் ஊறி நீளும் என்பதால் கிளூ ஸ்டிக் வாங்கி ஒட்டினான். உடலைத் தூக்கி அடித்தளத்தில் வைத்தால் பொருந்தவில்லை. பின்சக்கரம் சக்கர வளைவுக்குள் வராமல் பம்பர் பக்கம் தள்ளி நின்றது. பையன் எதுவும் பேசவில்லை. "இதுக்குத்தான் அப்பவே பரண்ல போடலாம்னேன்" என்றார் அண்ணன். பையன் அன்று இரவு மறுபடி கேம்ஸில் உட்கார்ந்துவிட்டான்.

தவறு என்னுடையது. பிடிஎப் பைலைப் பிரிண்ட் செய்யும்போது வரும் டயலாக் பாக்ஸில் 'பிட்' என்பது தேர்வாகியிருந்தது. பக்கத்தின் ஓரம் வரை பிரிண்டர் அச்சடிக்காது. அந்த ஓரத்துக்குள் எல்லாம் அடங்கட்டும் என்று அது படத்தைச் சுருக்கிவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 116.8க்குப் பதில் 112. நிஜக் காரில் அது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பையன் 'ஆக்சுவல் சைஸ்' என்று சரியாகவே கொடுத்திருந்தான். இருபது வருடம் கம்ப்யூட்டர் தெரிந்தவன் செய்த தவறு, நாலு மாதக்காரன் செய்யவில்லை.

கடிதம், பயோடேட்டா பிரிண்ட் எடுத்தால் நாலு சதவீதம் சுருங்கியது யாருக்குத் தெரியும்? எனக்கும் இத்தனை வருடம் தெரியவில்லை. மானிட்டரில் '100%' என்று காட்டுவதும் நிஜ அளவு என்று நம்பாதீர்கள். ஸ்கேலை மானிட்டர் மேல் வைத்து ஒருமுறை பாருங்கள். பல மானிட்டர்களில் ஒத்துவராது. இப்போது நாங்கள் வரையும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் 50 மி.மீ. சதுரம் ஒன்று இருக்கும். பிரிண்ட் வந்ததும் அதை அளந்த பிறகுதான் கத்தரிக்கோல்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்பார்கள். 'பிளாஸ்டிக் கிட் கிடைக்கிறதே? திரீ-டி பிரிண்டர் வந்துவிட்டதே? அட்டை எதற்கு?' கிட் நல்ல விஷயம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் அளவுக் கணக்கு எல்லாம் யாரோ போட்டு முடித்தது. அட்டையில் கணக்கு உங்களுடையது, தவறும் உங்களுடையது. ஒரு தாள் வீணானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கே கடன் வாங்கிய வீட்டில் திரீ-டி பிரிண்டரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நான் போய், அண்ணன் எதிரிலேயே தவறு யாருடையது என்று சொன்னேன். பையன் சிரித்தான். பக்கவாட்டுப் பகுதியை நான் புதிதாக எடுத்துக் கொடுத்தபோது, முதலில் சதுரத்தை அளந்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான். சக்கரங்கள் இந்த முறை வளைவுக்குள் சரியாக உட்கார்ந்தன. கேம்ஸை அவன் விட்டுவிடவில்லை. அண்ணனும் பரண் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் போன் செய்தான். "சித்தப்பா, பக்கத்துல ஒட்டற பேட்ஜ்ல 6.5 லிட்டர்னு போட்டிருக்கான். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். 389 கன அங்குலம்னா 6.4தான் வருது. எதை பிரிண்ட் பண்றது?"

கணக்கு சரி. நிஜக் காரில் கம்பெனியே 6.5 என்றுதான் ஒட்டியிருந்தது. நாம் செய்வது அந்தக் காரின் மாடல், அதனால் 6.5 என்றே போடு என்றேன். அவனுக்கு அரைமனதுதான். ஆனால் போட்டுவிட்டான்.