ஜெல்லி இல்லீங்க, சரக்கு!

2025 பிப்ரவரி, சூப்பர் பவுல் பார்க்க நண்பர் வீட்டுல கூட்டம். ஈகிள்ஸுக்குப் பச்சை, சீஃப்ஸுக்குச் சிவப்புன்னு குட்டிக் கப்புகள்ல ஜெல்லோ ஷாட் அடுக்கியிருந்தாங்க. அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை. எங்களைக் கார்ல கொண்டு விட வேண்டியவன் எசென்ஸ் வாசனைன்னு நெனச்சு நாலு முழுங்கிட்டான். சுத்த சைவம் வேற. ஜெலட்டின்னா மாட்டுத்தோல், பன்னித்தோல்னு அப்புறம் சொன்னாங்க, சிரிச்சுக்கிட்டே.

இதுல என்னய்யா சிரிப்பு?

85 கிராம் பாக்கெட், ஒரு கப் கொதிநீர், கரைஞ்சு ஆறினதும் ஒரு கப் வோட்கா. பதினாறு ஷாட் வரும். ரெண்டு போட்டா 30 மில்லி பெக் ஒண்ணு. பீர்னா வயிறே கணக்குச் சொல்லும், இது வழுக்கிட்டுப் போயிடும். "கேட்டுச் சாப்பிடணும்"னு உபதேசம் வேற! கலந்தவன் சொல்ல மாட்டானாமா? 1950கள்ல ராணுவத்துல இருந்தப்போ மதுத்தடைக்குத் தப்பிக்க இதைச் செஞ்சதா டாம் லெஹ்ரரே சொல்லியிருக்கார். ஒளிக்கறதுக்குன்னே பொறந்த பண்டம் (அவர் பாட்டெல்லாம் அருமை, அது வேற விஷயம்).

கடல்பாசி போட்டாலும் உறையும். வெறும் ஜெல்லியைத் தனித்தட்டுல வைங்க, சரக்குத் தட்டுல சீட்டு ஒட்டுங்க. கலர் கலரா உறைய வைக்க நாலு மணி நேரம் கிடைச்சவங்களுக்கு, சீட்டு எழுத நேரமில்லையாம். நாங்க அன்னிக்கு டாக்ஸிலதான் வந்தோம்.