விசுவாசமும் பிறப்புப் பெருமையும்

கிறிஸ்து மதத்திலே மனிதன் கடைத்தேறுவது தன் செய்கையினாலன்று, விசுவாசத்தினாலேயாம் என்று போதிக்கப்படுகிறது. இந்தப் போதனையைப்போல் நம்மவரிடையே தப்பர்த்தம் செய்துகொள்ளப்பட்டது வேறொன்று இருக்குமென்று நாம் கருதவில்லை. சீர்திருத்தக்காரர் இதைக் கேட்டவுடன் நகைக்கின்றனர். "ஆயுள் முழுவதும் அக்கிரமம் செய்தவன் சாகுந் தறுவாயில் ஒரு வார்த்தை சொல்லி மோட்சம் போவானாம், ஆயுள் முழுவதும் தருமம் செய்த அயலான் நரகத்தில் விழுவானாம், இதுவும் ஒரு நியாயமா?" என்கின்றனர். கிறிஸ்தவ அன்பர்களில் பலரோ, அதே தப்பர்த்தத்தைத் தங்களுக்கு அனுகூலமாக்கிக்கொண்டு, "விசுவாசித்தாயிற்று, ஞானஸ்நானமும் பெற்றாயிற்று; இனி வீட்டு வழக்கம் வீட்டோடு" என்று நிம்மதியாய் இருக்கின்றனர். நகைப்பவரும் நிம்மதியாய் இருப்பவரும் செய்யும் தவறு ஒன்றே. விசுவாசம் என்றால் ஒரு சங்கதியை ‘ஆம்’ என்று ஒப்புக்கொள்வது என இருவரும் எண்ணிவிட்டனர்.

அச்சொல்லை நம் ஜனங்கள் எவ்விதம் வழங்குகின்றனர் என்று பாருங்கள். நாய் விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். அந்த நாய் எந்தக் கொள்கைப் பத்திரத்திலே கையெழுத்திட்டது? எஜமான் ஒருவன் இருக்கிறான் என்று அது நம்புகிறது என்பதா நாம் சொல்லுவது? இல்லை. உப்பைத் தின்ற இடத்தை விட்டு நீங்காமல், அடித்தாலும் காலடியிலேயே கிடந்து காவல் காக்கிறதே, அதைத்தான் விசுவாசம் என்கிறோம். கிரேக்க மொழியில் புதிய ஏற்பாடு கையாளும் ‘பிஸ்திஸ்’ என்னும் சொல்லுக்கும் நம்பிக்கை, உண்மை தவறாமை என்னும் இரண்டு பொருளும் உண்டு. ஆகையால் தமிழ்க் கிறிஸ்தவர் நெடுங்காலமாய் வழங்கிவரும் ‘விசுவாசம்’ என்பது மிகப் பொருத்தமான சொல்லே. இக்காலத்துப் பொது மொழிபெயர்ப்பிலே ‘நம்பிக்கை’ என்று போட்டிருக்கிறார்கள். நல்ல தமிழ்தான், ஆனால் அதில் நாயின் குணம் இல்லை.

இப்போதனை எந்தச் சண்டையிலே பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அது ஒரு பந்திச் சண்டை. பேதுரு, பவுல் என்னும் இருவரை (முற்காலக் கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர் என்று வழங்கியவர்களும் இவர்களே) அறியாத கிறிஸ்தவர் இல்லை. அந்தியோகியா பட்டணத்திலே பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யூத கிறிஸ்தவர் சிலர் வந்து சேர்ந்ததும், அவர்கள் என்ன சொல்லுவார்களோ என்று அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் சும்மா இருந்தாரா? எல்லாருக்கும் முன்பாக அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இச்சம்பவத்தைச் சொல்லிவிட்டு, அந்த மூச்சு அடங்குமுன்னே, மனிதன் நீதிமானாவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலன்று, விசுவாசத்தினாலே என்கிறார். இதை வாசிக்காமல் பிரசங்கத்தில் மட்டும் கேட்டவர்கள், பவுல் ஏதோ ஆகாயத்தில் பறக்கும் தத்துவம் பேசியதாக எண்ணுகின்றனர். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை அது. தீட்டு, சுத்தம், விருத்தசேதனம், இன்ன குலம் என்ற ஒன்றும் கடவுள் சந்நிதியில் ஒருவனுக்கு இடம் வாங்கித் தராது; ஆகையால் பந்தியிலும் வாங்கித் தரக்கூடாது என்பதே அவர் வாதம்.

அந்தப் பந்தி நம் தமிழ் நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் லுத்தரின் வழிவந்தவர். விசுவாசத்தினாலேயே இரட்சிப்பு என்பது அவர் கூட்டத்தாருக்கு உயிர்நிலையான போதனை. 1715-இல் அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை, தஞ்சாவூர் அரசனின் படையில் வேலை பார்த்த ராஜநாயக்கன் என்னும் பறையர் குலத்தவர் ஒருவர் வாசித்தார். வாசித்துக் கத்தோலிக்கத்தை விட்டு லுத்தர் சபையிற் சேர்ந்தார். தஞ்சைச் சீமையில் அச்சபை வேரூன்ற அரும்பாடுபட்ட உபதேசியாரும் ஆனார். 1733-இல் முதல் தமிழ்ப் போதகரை அபிஷேகம் செய்யும் காலம் வந்தபோது தெரிந்துகொள்ளப்பட்டவர் வேளாளராகிய ஆரோன். ஆரோன் தகுதியற்றவர் என்பது நம் பேச்சன்று. ராஜநாயக்கன் கடைசிவரை போதகராக்கப்படவேயில்லை. உயர்ந்த குலத்தார் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதே காரணம். ஆண்டவர் தம்மையே கொடுக்கிறார் என்று நம்பப்படும் அப்பத்தை, எந்தக் கை நீட்டுகிறது என்று பார்த்தவர்கள் எதை விசுவாசித்தார்கள்? அப்பத்தையா, கையையா?

நூறு ஆண்டு கழிந்தும் அக்கேள்வி தீரவில்லை. சபையில் ஜாதி வேற்றுமை உடனடியாக ஒழியவேண்டும் என்று ஆங்கிலிக்க அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-இல் நிருபம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங் கலகம். அதற்கு முன்னமே வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே ஜாதியாசாரத்துக்காக வழக்காடி எழுதியிருந்தார். அவருடைய தமிழுக்கு நாம் தலைவணங்குகிறோம். அந்த வழக்குக்குத் தலைவணங்க இயலாது. எதிர்த்தவர்களின் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஜாதி உலகாசாரம், விசுவாசம் ஆத்துமாவின் விஷயம், ஒன்றுக்கு ஒன்று இடையூறில்லை. பின்னர் வந்த லைப்சிக் மிஷனாரும் இக்கொள்கைக்கு இடங்கொடுத்தனர். கத்தோலிக்கர் மட்டும் தப்பினார்கள் என்று எவரும் மகிழவேண்டாம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்திலே 1872-இல், இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கத் தக்கதாக, இரண்டு கால் விரித்தாற்போல் ஒரு கோயிலையே கட்டினார்கள். நடுவில் தடுத்த சுவரை 1910-இல் இடித்தபோது, அதை மீண்டும் எழுப்பவேண்டுமென்று நீதிமன்றம் வரை சென்றவர்கள் உண்டு; தோற்றார்கள். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பப்பட்டது. எக்காளம் தொனிக்கும் நாளில் எழுந்து வருகிறவர்கள் எந்தப் பக்கம் எட்டிக் குதிப்பார்களோ, நாம் அறியோம்.

‘உலகாசாரம்’ என்னும் அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் பிடித்து நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம். செய்கையினால் இரட்சிப்பில்லை என்பதன் பொருள் என்ன? நீ பசித்தவனுக்குச் சோறிட்டாய், விதவைக்கு உதவினாய், பொய் சொல்லவில்லை. இவ்வளவையும் காட்டி, ‘ஆகையால் நான் மேலானவன்’ என்று கடவுள் முன்னே உரிமை பாராட்டாதே என்பதாகும். நல்ல செய்கைக்கே இந்தக் கதி. அப்படியானால் எந்தச் செய்கையும் இன்றி, உறங்கிக்கொண்டே அடைந்த பிறப்புக்கு என்ன கதி? பாடுபட்டுச் செய்த தருமத்தைக் காட்டி மேன்மை கோரக்கூடாது. பாட்டன் பெயரைக் காட்டிக் கோரலாமா? பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது தம்முடைய குலப் பட்டியலைத் தாமே வரிசையாய் எடுத்து வைக்கிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயருக்குள் எபிரெயர் என்று. நம் ஊர்க் கலியாணத் தரகர் பார்த்தால் வாயூறும் ஜாதகம். அத்தனையையும் குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார். மூல மொழியில் அவ்வார்த்தை குப்பையைவிடக் கடுமையானது. ஆகையால் ஜாதி பாராட்டுகிற கிறிஸ்தவன் விசுவாசத்தில் குறைவுபட்டவன் என்று சொல்வது போதாது. விசுவாசத்தினால் இரட்சிப்பு என்பதையே அவன் நம்பவில்லை. பிறப்பினால் மேன்மை என்பதை நம்புகிறான்.

இனிச் சீர்திருத்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்பதில் நீங்கள் முதல்வரல்லர். யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொன் மோதிரக்காரனை இங்கே உட்காரும் என்றும், கந்தைக்காரனை அங்கே நில் என்றும் சொல்லும் சபையை அவர் முதலில் கண்டிக்கிறார். அந்தக் கோபத்தோடேதான் கிரியையில்லாத விசுவாசம் பிணத்துக்குச் சமம் என்ற முடிவுக்கு வருகிறார். இங்கேயும் சச்சரவு உட்காரும் இடத்தைப் பற்றியது! பிசாசுகளும் கடவுள் ஒருவர் என்று ஒப்புக்கொள்கின்றனவே என்று அவர் பரிகாசம் செய்வது, உங்கள் பரிகாசத்தைவிடக் கூர்மையானது. மார்ட்டின் லுத்தர் 1522-இல் இந்த நிருபத்தை வைக்கோல் என்று இகழ்ந்தார். அவரே அதே ஆண்டில் ரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு வரைந்த முகவுரையிலோ, விசுவாசம் சும்மாயிருக்க அறியாத ஜீவனுள்ள ஒன்று, நெருப்பிலிருந்து வெப்பத்தைப் பிரிக்க முடியாததுபோல் அதிலிருந்து நற்செய்கையைப் பிரிக்க முடியாது என்ற கருத்தை அழகாய் எழுதினார்.

ஆயினும் லுத்தரையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. 1525-இல் ஜெர்மனியக் குடியானவர்கள், கிறிஸ்து எல்லாரையும் தம் இரத்தத்தினால் மீட்டார் என்றால் நாங்கள் மட்டும் ஏன் பண்ணையடிமைகள் என்று கேட்டனர். அது ஆத்தும விடுதலை, உடலுக்கு அதைப் பேசாதே என்ற பாணியில் அவர் பதில் கொடுத்தார். தஞ்சாவூரில் பேசப்பட்ட ‘உலகாசாரம்’ அங்கேயே முளைவிட்டிருந்தது என்பது நம் அபிப்பிராயம். அதே லுத்தரின் முகவுரையை 1738-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி லண்டனில் ஒரு கூட்டத்தில் வாசிக்கக் கேட்டு உள்ளம் அனலானவர் மெதடிஸ்துகளின் தலைவர் ஜான் வெஸ்லி. அவர் அந்த அனலை நெஞ்சுக்குள் மூடி வைக்கவில்லை. 1774-இல் அடிமை வியாபாரத்தைத் தாக்கி நூல் எழுதினார். 1791-இல் மரணத்திற்குச் சில நாள் முன்பு எழுதிய கடிதத்திலும், அவ்வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சை ஊக்கப்படுத்தினார். ஒரே போதனைதான், ஒருவரிடத்தில் பண்ணையடிமைக்கு வாய்ப்பூட்டாயிற்று, ஒருவரிடத்தில் அடிமைச் சங்கிலிக்கு அரமாயிற்று.

தருமவானாகிய அயலான் நரகம் போவானா என்ற கேள்விக்கும் விடை வந்திருக்கிறது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சிக்கு உண்மையாய் நடப்பவரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்க சபையார் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டனர். செந்தூலில் கோயில் மணியும் தேவாலய மணியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை ரோமாபுரியிலிருந்து சொல்லியனுப்ப வேண்டியதில்லை.

செந்தூலைப் பற்றியும் சொல்லவேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரயில்வே தொழிற்சாலை எழுந்தது. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் அதை நம்பி வந்து குடியேறினர். கத்தோலிக்கருக்குப் புனித சூசையப்பர் தேவாலயம் அமைந்தது. சுத்தியல் பிடித்தவர்களுக்கு ஒரு தச்சனே பாதுகாவலர். தமிழ் மெதடிஸ்து சபையும் இங்கே உண்டு. லுத்தரனார் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்தில் கூடுகின்றனர். முற்காலத் தோட்டங்கள் சிலவற்றில் ஜாதிப்படி லயம் பிரித்திருந்தார்கள். இன்று தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு மின்தூக்கி ஒன்றே. அதில் எந்த ஜாதிக்கும் தனிக் கதவில்லை. தேவாலயத்திலும் எவரும் எவரோடும் உட்காருகின்றனர். அதை மறைப்பது அநியாயம். ஆனால் கலியாணப் பேச்சு எழட்டும், "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்ற கேள்வி மெல்லப் புறப்படும். பாஸ்போர்ட்டையே காணாத பேரப்பிள்ளையின் பூர்வீகம் எதற்கு? ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் குலம் தெரியும். பிள்ளையும் பெண்ணும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள் என்பது அப்போது எடுபடாது. எம் போன்ற கிராணிமார்களுக்குத் தெரியும்: செக்குரோலில் பெயர் இருப்பதனால் மட்டும் ஒருவன் மரத்தடிக்குப் போனதாகாது. ஞானஸ்நானப் பதிவேடும் அவ்வளவே.

அக்கரையில் இதன் விளைவு இன்னும் கொடியது. கிறிஸ்து மதத்தில் ஜாதியில்லை என்று கொள்ளப்பட்டதனால், 1950-இல் பிறப்பித்த உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறிஸ்தவருக்கு இந்திய அரசாங்கத்தின் அட்டவணைச் சலுகை மறுக்கப்பட்டது. பின்னர் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சர்க்கார் ஜாதியில்லை என்று கதவடைக்கிறது. சபையார் ஜாதியுண்டு என்று கதவடைக்கின்றனர். நடுவில் நிற்பவன் ராஜநாயக்கனின் வாரிசு.

இவ்விஷயத்தில் சபைகளுக்குள் கருத்து வேற்றுமை என்று இனிச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கத்தோலிக்கரும் லுத்தரனாரும் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி அவுக்ஸ்பர்க் நகரில் உடன்படிக்கை செய்தனர். 2006-இல் மெதடிஸ்துகளும் அதில் சேர்ந்தனர். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுச் சண்டை தீர்ந்தது. செந்தூல் சூசையப்பர் ஆலயத்தாருக்கும், மெதடிஸ்து சபையாருக்கும், பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்தாருக்கும் இதில் இப்போது சொல்லும் சொல் ஒன்றே.

கத்தோலிக்கர் கலியாணத்திற்கு முன் ஆலயத்தில் ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு. இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடையேதும் அறிந்தவர் தெரிவிக்கவேண்டும் என்று குருவானவர் கேட்பார். பூர்வீக ஊரைக் கேட்டுச் சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கும் கனவான்கள், தாங்கள் கண்ட தடையை வீட்டுத் திண்ணையில் கிசுகிசுக்காமல், அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே எழுந்து நின்று, சிலுவையைப் பார்த்து, உரத்த குரலில் சொல்லட்டும்.