உங்க ஐடி கார்டுல இருக்கிற 'ஓ' நிஜமாவே ஓ தானா?

ஐடி கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பிளட் குரூப்னு ஒரு வரி இருக்கும். அட்மிஷன் ஃபார்ம்ல நாமளே எழுதிக் குடுத்தது. அதுல 'ஓ'னு இருக்கிறவங்களுக்குத்தான் முக்கியமா இந்தக் கட்டுரை. மத்தவங்களும் படிக்கலாம், காசு கிடையாது.

ஓ-னா ஜீரோ, அணு மேல ஒண்ணுமே இல்லைனுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அங்கே ஹெச் என்ற ஆன்டிஜன் இருக்கிறது. அதுதான் அஸ்திவாரம். அதன் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு சேர்ந்தால் ஏ, வேறொன்று சேர்ந்தால் பி. எதுவும் சேராமல் அஸ்திவாரத்தோட நின்னா ஓ. வெகு சிலருக்கு அந்த அஸ்திவாரமே இருக்காது. 1952-ல் டாக்டர் ஒய். எம். பெண்டேவும் கூட இருந்தவர்களும் பம்பாயில் இதைக் கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதினார்கள். அதனால பேரே பாம்பே குரூப். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருத்தர்னு சொல்றாங்க.

சிக்கல் என்னன்னா, சாதாரண ஸ்லைடு டெஸ்ட்ல இவங்க ரத்தம் அப்படியே ஓ மாதிரிதான் தெரியும். ஆனா இவங்க உடம்புல ஹெச்-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கு. ஹெச் அதிகமா இருக்கிறதே ஓ ரத்தத்துலதான். அதை ஏத்தினா அணுக்கள் உடைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். இவங்களுக்கு இன்னொரு பாம்பே ரத்தம்தான் சேரும்.

இதைப் பிடிக்க பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம். நம்ம சீரத்தை ஏ, பி, ஓ அணுக்களோட தனித்தனியா கலந்து பாக்கணும். அதுக்குப் பேரு ரிவர்ஸ் குரூப்பிங். ஓ அணுவும் கட்டியாச்சுன்னா சந்தேகம் வந்துடும். தானமா வர்ற ஒவ்வொரு யூனிட்டுக்கும் பிளட் பேங்க்ல இதைச் செய்யணும். அதாவது, ரத்தம் குடுத்தவருக்கு விஷயம் தெரிய வழி இருக்கு. 'ஓ குரூப்தானே, ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான்'னு கேம்ப் அன்னிக்கு ரூம்ல தூங்கினவருக்கு? ஆக்ஸிடென்ட் ஆகி படுத்திருக்கும்போது, கிராஸ் மேட்ச் சேராத அந்த நிமிஷம்தான் தெரியும்.

அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் அந்த ஜீன் வந்தாதான் ஒருத்தர் பாம்பே ஆவார். அத்தை பையன், மாமா பொண்ணு கல்யாணம் சகஜமா இருக்கிற நம்ம ஊர்ல இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஒருத்தருக்கு உறுதியாச்சுன்னா, கூடப் பிறந்தவங்களை உடனே டெஸ்ட் பண்ணணும். ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. வாட்ஸ்அப்ல தேதியே இல்லாம மூணு வருஷமா சுத்துற 'அவசரம்' மெசேஜை விட இது எவ்வளவோ மேல்.

சிவப்பணுக்களை ஃப்ரிட்ஜில் 35 முதல் 42 நாள் வரைதான் வைக்க முடியும். உறைய வைத்தால் பல வருடம் தாங்கும், ஆனா அந்த வசதி எல்லா இடத்துலயும் இல்லை. அதனால அரிய குரூப்புக்கு ஸ்டாக்னா அது ஃப்ரிட்ஜ் இல்ல, நடமாடுற ஆளுங்க. பாம்பேன்னு தெரிஞ்ச நண்பர் இருந்தா, கேம்ப்ல வரிசையில நிக்க வைக்காதீங்க. பிளட் பேங்க்ல பேரைப் பதிஞ்சு, கூப்பிடும்போது போகட்டும்.

நம்ம கேம்ப் மேல எனக்குக் கடுப்பே இதுலதான். வருஷத்துல ஒரே நாள், ஆன் டூட்டி, சர்டிஃபிகேட், ஜூஸ். மொத்த காலேஜும் அன்னிக்கே குடுத்துடுது. அப்புறம் பசங்க 90 நாள், பொண்ணுங்க 120 நாள் குடுக்க முடியாது. அவங்க குடுத்த சிவப்பணுக்களோட ஆயுசு அதுக்குள்ள முடிஞ்சிடும். மாசத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட்னு பிரிச்சா என்ன? ஜூலையில மெக்கானிக்கல், ஆகஸ்ட்ல ஈசிஇ. வயசு 18, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா ஆரம்பிக்கப் போதும். சர்டிஃபிகேட் அடிக்கிற செலவு 12 மாசத்துக்கும் ஒண்ணுதான், என்எஸ்எஸ் காரங்க கணக்கு போட்டுப் பாக்கலாம்.