பெயருக்கு 15 மதிப்பெண் குறைவு



மருத்துவமனைகளைப் பற்றிய சிறப்புப் பக்கங்களோடு இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. மருத்துவம் படித்த பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதும் கடிதங்களில் அடிக்கடி தென்படும் பெயர் பிரிட்டனின் என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-ல் தொடங்கிய அந்தத் தேசிய சுகாதாரச் சேவை, வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர்களும் நர்ஸுகளும் இல்லாமல் ஒருநாளும் நடந்ததில்லை. சென்னையிலும் மதுரையிலும் படித்துவிட்டுப் போனவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் என நம்மவர்கள் அங்கே ஏராளம். அதனால் அங்கே நடந்த ஒரு பழைய சங்கதியை உங்களோடு பேசத் தோன்றியது.

தெற்கு லண்டனில் டூட்டிங் என்றாலே தோசைக் கடைகளும் இலங்கைத் தமிழர் மளிகைகளும் நினைவுக்கு வரும். செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. 1970-களில் அந்தக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சுமார் 2,500 விண்ணப்பங்கள் வந்தன. முக்கால்வாசிப் பேரை நேர்முகத்துக்கே கூப்பிடாமல் கழித்துவிடுவார்கள். இந்தச் சலிப்பான வேலையை எளிதாக்க நினைத்த துணை முதல்வர் ஜெஃப்ரி ஃபிராங்லன், ஆசிரியர்கள் எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கவனித்து, அதையே கம்ப்யூட்டர் செய்யும்படி ஒரு புரோகிராம் எழுதினார். வேலையும் மிச்சம், ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது என்ற குறையும் தீரும் என்று அவர் நம்பினார். 1979-ல் புரோகிராம் தயாரானது. ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 90 முதல் 95 வரை பொருந்தியது. எல்லோருக்கும் திருப்தி. 1982-க்குள் முதல்கட்டத் தேர்வு முழுவதும் கம்ப்யூட்டர் வசம் போய்விட்டது.

பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து, விண்ணப்பித்தவர் ஐரோப்பியரா இல்லையா என்று அந்தப் புரோகிராம் பிரித்தது. இல்லையென்றால் 15 மதிப்பெண் கழித்தது. பெண்ணாக இருந்தால் சராசரியாக இன்னொரு 3. (எந்த ஊர் என்று கேட்டுவிட்டு ஆளை எடைபோடும் வழக்கம் நமக்கும் உண்டு. ஆகவே ரொம்பவும் முகம் சுளிக்க வேண்டாம்.) அந்தக் கல்லூரியிலேயே பணியாற்றிய ஜோ காலியர், ஆக்ரி பர்க் என்ற இரண்டு டாக்டர்கள் 1986-ல் பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையத்திடம் இதைக் கொண்டுபோனார்கள். இனத்தாலோ பாலினத்தாலோ ஆண்டுக்கு 60 பேர் வரை நேர்முக வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று 1988-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பிறகு, கழிக்கப்பட்டவர்களில் மூன்று பேருக்கு இடம் கொடுத்தார்கள்.

கதையில் என்னை உறுத்துவது கம்ப்யூட்டர் அல்ல. அது யாரையும் வெறுக்கவில்லை. பேராசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததை அப்படியே நகலெடுத்தது. "பெயரைப் பார்த்து மார்க் குறைப்பீர்களா?" என்று அவர்களிடம் கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்றிருப்பார்கள். மனசாரத்தான் சொல்லியிருப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: லண்டனின் மற்ற மருத்துவக் கல்லூரிகள் பலவற்றைவிட இங்கேதான் ஐரோப்பியர் அல்லாத மாணவர்கள் அதிகம் படித்தார்கள். மாட்டிக்கொண்டது இந்தக் கல்லூரி, காரணம் இங்கே எல்லாம் எழுத்தில் இருந்தது. மற்ற இடங்களில் அது தேர்வாளர்களின் தலைக்குள் இருந்தது. அங்கே எந்த ஆணையம் போய்ச் சோதனை போட முடியும்?

சோதனை போட்டுப் பார்க்கலாம் என்று வேறு இரண்டு டாக்டர்கள் துணிந்தார்கள், கல்லூரிச் சேர்க்கையில் அல்ல, மருத்துவமனை வேலைகளில். அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன். படிப்பு, வயது, பயிற்சி எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும்படி கற்பனை டாக்டர்களின் விண்ணப்பங்களைத் தயாரித்தார்கள். எல்லோரும் பிரிட்டனிலேயே படித்தவர்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலேயப் பெயர், பாதிப் பேருக்கு ஆசியப் பெயர். மருத்துவமனைகள் விளம்பரம் செய்திருந்த 23 பணியிடங்களுக்கு அவற்றை அனுப்பினார்கள். நேர்முகத்துக்குத் தேறிய 18 பேரில் 12 பேர் ஆங்கிலேயப் பெயர்க்காரர்கள், 6 பேர் ஆசியப் பெயர்க்காரர்கள். ஆய்வு முழுதாக முடியவில்லை. பொய் விண்ணப்பம் போட்டதாக மோசடித் தடுப்புப் போலீஸ் இருவரையும் கைது செய்தது! கிடைத்தவரை 1993-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 1997-ல் மறுபடி செய்து பார்த்தபோதும் பாரபட்சம் போயிருக்கவில்லை.

நம்மையறியாமல் நமக்குள் இருக்கும் சாய்வைக் களைய வேண்டும் என்று அண்மைக் காலத்தில் பெரிய அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு வைப்பது வழக்கமாயிற்று. அரை நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இதனால் நடத்தை மாறுவதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி பிரிட்டிஷ் அரசே 2020 டிசம்பரில் தன் அலுவலகங்களில் இதை நிறுத்துவதாக அறிவித்தது. நிறுத்தியதோடு விட்டால் போதுமா என்பது வேறு கேள்வி.

என்.எச்.எஸ். 2015-ல் தொடங்கிய இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது: எண்ணிப் பார்ப்பது. நேர்முகப் பட்டியலில் வந்தவர்களில் வெள்ளையர் எத்தனை பேர் வேலை பெற்றார்கள், மற்றவர்கள் எத்தனை பேர், ஒழுங்கு நடவடிக்கை யார் மீது அதிகம் பாய்கிறது, நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். வேலை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு இன்னும் சுமார் ஒன்றரை மடங்கு. எண்கள் மெல்லத்தான் நகர்கின்றன, சில ஆண்டுகளில் பின்னாலும் போகின்றன. ஆனாலும் "எங்கள் மருத்துவமனையில் அப்படியெல்லாம் இல்லை" என்று ஓர் அதிகாரி இனி சும்மா சொல்லிவிட முடியாது. பக்கத்திலேயே அவருடைய மருத்துவமனையின் எண் அச்சாகியிருக்கிறது.

என்.எச்.எஸ்.ஸில் வேலை பார்ப்பவர்கள், பார்த்து ஓய்ந்தவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். நேர்முகத்திலும் பதவி உயர்விலும் நீங்கள் கண்டதை எழுதுங்கள். நல்லபடியாக நடந்ததையும் எழுதுங்கள், அதற்கும் இடம் உண்டு. பெயரும் மருத்துவமனையும் வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலேயே குறித்துவிடுங்கள், வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்