கண்ணீர் அஞ்சலி போதாது

சாவைப் பற்றி எழுதுவதில் தமிழ் எழுத்தாளர்களுக்குச் சலிப்பே வந்ததில்லை. சிறுகதைக்கு ஒரு சாவு வீடு, நாவலுக்கு நாலு சுடுகாடு, கவிதைக்குத் தினம் ஒரு மரணம். வாசிக்கிற நாமும் அதற்குப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சாவு வீட்டிலிருந்து ஒருத்தர் கிளம்பி, விஏஓ ஆபீசுக்கோ நகராட்சிக்கோ போய் இறப்பைப் பதிவு பண்ணினார் என்று எந்தக் கதையிலாவது படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை.

ஊரும் அப்படித்தான். காலையில் ஒருத்தர் செத்தால் மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளக்கு எரிகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம். இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு 21 நாள். காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் ஐந்து நாள் கையில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்ன செய்தியை, சொல்லியே ஆகவேண்டிய ஒரே ஆளிடம் சொல்லாமல் அந்த ஐந்து நாளும் போய்விடுகிறது.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: “அட போங்க, செத்ததுக்கும் சர்டிஃபிகேட்டா?” கேட்க நன்றாக இருக்கிற வசனம். மரணம் பெரியது, காகிதம் சின்னது என்கிற தத்துவமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வசனத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அதைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் காகிதம் இல்லாமல் ஒருநாள்கூட அலையாதவர். சொத்துள்ள வீட்டில் வக்கீல் இருப்பார், ஆடிட்டர் இருப்பார், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கொத்துவேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து செத்தவரின் மனைவிக்கு அப்படி யாரும் இல்லை. அவர் கணக்கில் இருக்கும் சொற்பப் பணத்தை எடுக்க, விதவை உதவித்தொகைக்கு மனுப்போட, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்க, அரை ஏக்கர் பட்டாவில் பெயர் மாற்ற, எல்லாவற்றுக்கும் முதல் தாள் இறப்புச் சான்றிதழ்தான். அது இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான். ஊர் அவள் பொட்டை அழித்துவிட்டது. அரசாங்கம் அவளை விதவை என்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்திலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

மகள்களுக்கும் இதே கதைதான். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-ல் மத்தியச் சட்டமும் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தன. அந்தப் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டால் முதலில் வரும் கேள்வி, அப்பா எந்தத் தேதியில் இறந்தார் என்பது. “தை மாசம், பொங்கல் கழிஞ்சு நாலாம் நாளு” என்பது ஒப்பாரிக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. இன்னும் எத்தனையோ வீடுகளில் பட்டா தாத்தா பேரில்தான் கிடக்கிறது. அவர் இறப்பை யாரும் பதியவில்லை. அந்த நிலத்தை ஆண்டு அனுபவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. வேறு ஊரில் வாக்கப்பட்ட அத்தைகளுக்குத்தான் கஷ்டம்.

இனி, இது எப்படி நடக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். குடியிருந்த ஊரில் அல்ல. முதுகுளத்தூர்க்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி. ஆனால் அவர்கள் எழுதும் படிவத்தில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், முகவரி எல்லாம் ஆதாரில் இருப்பதுபோல இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டும். அழுகைக்கு நடுவே யாரோ ஒரு மச்சான் “ராசு” என்று சொல்லிவிட்டுப் போவார். ராஜேந்திரனை ராசுவிடமிருந்து மீட்க அப்புறம் மாசக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். வீட்டில் இறந்தால் வீட்டார் தகவல் சொல்ல வேண்டும். கிராமத்தில் பதிவாளர் விஏஓ. நகராட்சி, மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவு. கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் இறப்புக் காரணத்தை எழுதித் தர வேண்டும், அதற்கு அவர் காசு வாங்கக்கூடாது. விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீசும் பிரேதப் பரிசோதனையும் வரும்.

21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தகவல் சொன்னவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். 30 நாள் வரை சிறிய தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி. ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு. புரோக்கர் நிற்கிற இடம் இதுதான். 21 நாளில் ஒரு பைசா செலவில்லாத வேலையை, இரண்டு வருஷம் கழித்து ஆயிரக்கணக்கில் விற்கிறான். அவன் விற்கிற சரக்கு நம்முடைய தாமதம்.

“சார், துக்கத்துல இருக்கிறவங்கள போய் ஆபீசுக்கு அலையச் சொல்றீங்களே, இது நியாயமா?” என்று கேட்கலாம். நியாயமில்லைதான். அந்த அநியாயத்தைச் செய்வது சட்டம் அல்ல, அதைப் பாதியில் மறந்த நிர்வாகம். அந்தச் சட்டத்தின் 7-ம் பிரிவை ஒருமுறை படியுங்கள். பதிவாளர் கட்டணமோ வெகுமதியோ வாங்காமல் பதிய வேண்டும் என்பதோடு, தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு இறப்பையும் தானே முயன்று கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது சாவைத் தேடிப் போகவேண்டிய கடமை அரசாங்கத்துக்கு. சுடுகாட்டைப் பராமரிப்பவரும் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர். தெருவுக்கே கேட்கிற பறைச் சத்தம் பதிவாளர் காதில் மட்டும் விழாதா? போஸ்டர் அவர் கண்ணில் படாதா? கடமை அவருடையது, கால் தேய்வது மட்டும் இழவு வீட்டுக்காரருடையது.

சாவைச் சொல்வது யார் வேலை என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு கேவலமான வரலாறு உண்டு. இழவு சொல்லப் போவதைத் தலித்துகள் மேல் சுமத்தியது சாதி. வெயிலில் நடந்து பல ஊருக்குச் சாவு சொன்னவர்கள் அவர்கள். சாவை ஏட்டில் எழுதும் அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தது. 1980-ல் ஒழிக்கப்பட்ட கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் நெடுங்காலம் பரம்பரைப் பதவிகளாகத்தான் இருந்தன. ஊர்த்தெருச் சாவும் சேரிச் சாவும் ஒரே அக்கறையோடு அந்த ஏட்டில் ஏறியிருக்கும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. 1969-ல் எழுதிய சட்டமும்கூட, தகவல் சொல்லக் குடும்பத் தலைவரும் நெருங்கிய உறவினரும் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் மூத்த ஆண் சொல்லட்டும் என்றுதான் எழுதியது. பிணத்தைக் குளிப்பாட்டியவள் பக்கத்திலேயே நிற்பாள், அவள் பெயர் அந்த வரிசையில் தனியாக வராது. பதிவிலும் இந்தப் பாகுபாடு தொடர்கிறது. இந்திய அளவில் ஆண்களின் இறப்பைவிடப் பெண்களின் இறப்பு குறைவாகவே பதிவாகிறது. சொத்தில்லாத கிழவி செத்தால் சான்றிதழ் யாருக்கு வேண்டும் என்பதுதானே நம் கணக்கு?

அந்தக் கணக்கின் விலையைக் கொரோனாவில் பார்த்தோம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் தொற்றால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டை இந்திய அரசு ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்று சண்டை போட வேண்டியிருந்ததற்கே காரணம், எல்லாச் சாவும் காரணத்தோடு காகிதத்தில் ஏறவில்லை என்பதுதான். 2020-ல் பதிவான இறப்புகளிலேயே மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. சான்றிதழில் “மூச்சுத்திணறல்” என்று மட்டும் இருந்த வீடுகள், அந்த ஒற்றைச் சொல்லோடு மறுபடி மாரடிக்க வேண்டியிருந்தது.

உடலே கிடைக்காதவர்களின் நிலைமை இதைவிட மோசம். ஏழு வருஷம் தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் ஆட்களைக் கொண்டுபோனபோது, கரையில் நின்ற பெண்களுக்கு முன்னால் இந்த ஏழு வருஷம்தான் சுவராக நின்றது. புயலில் சிக்கிய படகு ஏழு வருஷம் மிதக்குமா? ஊரே சாட்சி சொல்லும் சாவுக்கு இவ்வளவு நீண்ட கெடு எதற்கு? பேரிடர் வரும்போதெல்லாம் தனி உத்தரவுக்குக் கெஞ்சாமல், சட்டத்திலேயே இதற்கு வழி வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். பதிவாளர் இழவு வீட்டுக்கு வரட்டும். சுடுகாட்டிலேயே படிவம் நிரப்பப்படட்டும். ஓராண்டு தாண்டிய ஏழைகளின் சாவுகளைப் பதிய ஊருக்கு ஊர் முகாம் போடட்டும்.

அது நடக்கும்வரை சாவு வீட்டில் ஒருத்தர் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். போன் கையில் இருக்கிற, படிவம் படிக்கத் தெரிந்த ஆள் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள். பெரியவர்கள் மாலை வாங்கப் போகட்டும், நீங்கள் இறந்தவரின் ஆதாரை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பெயரைச் சரிபாருங்கள். அண்டை வீட்டில் ஆண் துணை இல்லாத அக்கா இருந்தால் அவரோடும் ஒரு நடை போய்வாருங்கள். விஏஓ இழுத்தடித்தால் 7-ம் பிரிவைச் சொல்லுங்கள். இரங்கல் கவிதையை இருபத்திரண்டாம் நாள் எழுதிக்கொள்ளலாம்.